காவல் அறை எந்தப் பக்கம்?

பதுளை,
14.01.2024

அன்புள்ள தங்கை ஜெபமலருக்கு,

அண்ணன் இராயப்பன் எழுதுவது. ஆண்டவர் அருளால் மூச்சுக்கும் நடைக்கும் குறைவில்லை. இடது கண்ணில் மட்டும் புரை விழுந்திருக்கிறது. அங்கே நீயும் மகளும் பேத்தி ஜெசீகாவும் சுகமாயிருக்க வேண்டுமென்று மன்றாடுகிறேன். கோத்தகிரியில் இந்த மாதம் குளிர் எப்படி?

அம்மா இறந்தபோது எழுதியதற்குப் பிறகு ஒன்பது வருடங்களாக நான் உனக்கு எழுதவில்லை. தொலைபேசியில் என் குரல் கேட்டால் நீ வைத்துவிடுவாய் என்று ஜெசீகா சொன்னாள். எனக்கும் தொலைபேசியில் பேச வராது. ஆகவே இது.

பதுளைக்கு ரயில் வந்து இந்த வருடத்தோடு நூறு ஆண்டு. ஸ்டேஷனில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஹபீஸ் என்று ஒரு நண்பர். அவர் வீட்டில் பதினாறு அடி நீள மேசையில் சின்ன ரயில் ஓடுகிறது. அதையே பெரிதாக்கி, செப்டம்பரில் பங்கு மண்டபத்தில் கண்காட்சியாக வைக்கப்போகிறோம். நான் ஊற்றுமலையில் பிறந்தவன் என்பதால் ஊற்றுமலைச் சுரங்கத்தின் முகப்பைச் செய்யும் வேலை என்னிடம் வந்தது. பழைய முகப்பு இப்போது இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும். மண் சரிந்த பிறகு கான்கிரீட்டில் புதிதாகக் கட்டிவிட்டார்கள். அப்பா வேலைபார்த்த காவல் அறையும் போய்விட்டது.

கடையில் வாங்கிய பொருள் எதுவும் வைப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்தளம். அதன்மேல் பிளாஸ்டர். காய்வதற்கு முன் கவராயத்தின் ஊசியால் கல் கல்லாகக் கீறுகிறேன். ஒரு அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்று கணக்கு. மண்ணுக்கு, குடித்த தேயிலைச் சக்கையை வெயிலில் உலர்த்திச் சலித்து வைத்திருக்கிறேன். நம்மூர் மண்ணின் நிறம் அதில் அப்படியே வருகிறது.

நாலு வருடம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் நீ. ஆகவே சில விவரங்கள் தேவை.

1. காவல் அறையின் சுவர் முழுக்கக் கல்லா, பாதி மண்ணா?
2. கூரையில் தகரம் எத்தனை?
3. கதவு உள்ளே திறந்ததா, வெளியேயா?
4. சிவப்புக் கொடியையும் பச்சைக் கொடியையும் எங்கே செருகியிருந்தார்?
5. சுரங்கத்துக்கு மேலே மழைத் தண்ணீர் ஓடிய கானின் அகலம் எவ்வளவு?
6. காவல் அறை முகப்பின் எந்தப் பக்கத்தில் இருந்தது?

கடைசிக் கேள்வி சும்மா ஒரு சரிபார்ப்புக்குத்தான்.

எல்லோருக்கும் என் ஆசீர்.

அண்ணன்,
இராயப்பன்

---

கோத்தகிரி
11.2.2024

இராயப்பன் மாஸ்டருக்கு,

கடிதாசி வந்துச்சு. சுகம் கேட்டிருந்தீங்க. சர்க்கரை இருக்கு, முட்டி வலி இருக்கு. போதுமா?

ஒம்பது வருஷம் கழிச்சு எழுதுறீங்க, தகரம் எத்தனைன்னு கேட்டு. எழுபத்திமூணு வயசுல பொம்மை ரயிலு, பொம்மைக் கோச்சி. பேத்திகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். "தாத்தா பாவம் பாட்டி, எவ்வளவு ஆசையா எழுதுறாரு"ன்னா. பாவமாம். நான் சொன்னேன், அந்தப் பாவப்பட்ட தாத்தா ஒரு தடவ "யெஸ் சேர்"ன்னு சொன்னாரு, அதுல ஒரு குடும்பமே கப்பல் ஏறிச்சுன்னு.

கேட்டதுக்கு பதில் இந்தா. சுவர் இடுப்பு வரைக்கும் கல்லு, மேல மண்ணு. தகரம் ஏழு, ஒண்ணு ஓட்டை. கதவு உள்ள தெறக்கும். கொடி ரெண்டும் கதவுக்குப் பின்னால மூங்கில் குழாயில. கான் என் ரெண்டு சாண் இருக்கும்.

ஆறாவது. பதுளைப் பக்கம் முதுகக் காட்டிக்கிட்டு டனலப் பாத்து நின்னா வலது கைப் பக்கம். மேட்டுக்கு அடியில, மேட்டுல முதுகு ஒட்டுன மாதிரி. இடது கைப் பக்கம் ஓடையும் நாம குடியிருந்த லயமும். நான் லயத்துல இருந்து சாப்பாடு தூக்கிக்கிட்டு வந்து, தண்டவாளத்து நடுவுல அப்பா போட்டு வெச்சிருந்த கல்லு மேல கால வெச்சு, அந்தப் பக்கம் தாண்டித்தான் குடுப்பேன். நாலு வருஷம். தெனம் ரெண்டு தடவ. பக்கம் எனக்குத் தெரியாதா?

சும்மா சரிபார்க்கக் கேட்டீங்களாம். சும்மா கேக்குறவங்க அதை மொதல்ல கேப்பாங்க. கடைசியில ஒளிச்சு வெச்சுக் கேக்க மாட்டாங்க.

ஜெபமலர்

---

பதுளை,
09.03.2024

அன்புள்ள ஜெபமலருக்கு,

உன் முட்டி வலிக்குக் கொள்ளு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்துப் பார். எனக்குக் கேட்டது. இங்கே காலையில் நமுனுகுல மலை மூடிக்கிடக்கிறது. நண்பகலில்தான் தெரிகிறது.

விவரங்களுக்கு மிக்க நன்றி. ஐந்தையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஏழாவது தகரத்தில் ஊசியால் ஓட்டை போட்டிருக்கிறேன்.

ஆறாவதில் ஒரு சிக்கல். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஹபீஸ் தன் பழைய காகிதங்களுக்குள்ளிருந்து ஒரு புகைப்படம் எடுத்துக் கொடுத்தார். பழைய முகப்பு, காவல் அறை, வாசலில் அப்பா. பக்கத்து மேடோ ஓடையோ படத்தில் விழவில்லை. ஆனால் முகப்புத் தெளிவாக இருக்கிறது. வளைவில் இருபத்தேழு கற்கள். மூன்று முறை எண்ணினேன். இந்தப் படத்தில் காவல் அறை இடது பக்கம் இருக்கிறது. பிரதி ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் ஞாபகத்தை நான் குறைசொல்லவில்லை. என் ஞாபகமும் அப்படித்தான். ஆனால் உனக்கு அப்போது பதினாறு வயது. ஐம்பது வருடத்தில் மனசு இடம் மாற்றி வைத்துவிடும். புகைப்படத்துக்கு மனசு கிடையாது அல்லவா? ஆகவே படத்தின்படி இடது பக்கத்திலேயே கட்டிவிட்டேன். நாளை சுவருக்குச் சாயம் அடிக்கிறேன். முகப்பின் உச்சிக்குப் புகைக்கரி தேவைப்படும். விளக்குக் கரி சேர்த்து வருகிறேன்.

ஜெசீகாவின் படிப்பு எப்படிப் போகிறது?

அண்ணன்,
இராயப்பன்

---

கோத்தகிரி
2.4.2024

மாஸ்டருக்கு,

கொள்ளு ஒத்தடம் எனக்கு வேணாம்.

படத்தைப் பாத்தேன். பாத்த உடனே தெரிஞ்சுச்சு. அதே படம். நீங்க "ஹபீஸ் குடுத்தாரு"ன்னு புதுசா எழுதுறீங்க. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். தெரியாத மாதிரி எழுத உங்களுக்கு நல்லா வரும். படிச்ச கை.

நீங்க எழுதல, நான் எழுதுறேன். எழுபத்திரெண்டு மார்கழி மாசம். விடாத மழை. டனல் வாசல்ல மேடு சரிஞ்சு தண்டவாளத்துல விழுந்துச்சு. குட்ஸ் கோச்சி வந்து மண்ணுல மோதுச்சு. இஞ்சின்ல இருந்த பயர்மேன் செத்துப்போனாரு. வாச்சர் ஏன் சிவப்புக் கொடி காட்டலைன்னு பதுளையில விசாரணை. தையில. அப்பாவுக்கு இங்கிலீஸ் தெரியாதுன்னு மொழிபெயர்க்க நீங்க போனீங்க. புது சப்பாத்து. நான் வராந்தாவுல ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

அப்பா சொன்னாரு: "சேர், என் காவல் காம்பரா மேட்டுக்கு அடியில இருக்கு. மேடு எனக்கு முதுகுப் பக்கம். மேல சரிஞ்சா எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டு ஓடியாந்தேன், அதுக்குள்ள வண்டி வந்திருச்சு."

விசாரிச்ச தொர இந்தப் படத்தத்தான் மேசையில போட்டாரு. காம்பரா மேட்டுக்கு எதுத்த பக்கம்ல இருக்கு, மேடு உன் மூஞ்சிக்கு நேரா, முழிச்சிருந்தா தெரியாமப் போகுமான்னு கேட்டாரு. அப்பா படத்தப் பாத்தாரு. அப்புறம் உங்களப் பாத்தாரு. தொரயும் உங்களப் பாத்தாரு. "நீ படிச்சவன். இந்த இடம் இப்படித்தானே?"

"யெஸ் சேர்."

அம்புட்டுத்தான். வேலை நேரத்துல தூங்குனான்னு எழுதி அப்பாவ வெரட்டுனாங்க. காம்பராவும் போச்சு, லயமும் போச்சு. இந்தியாவுக்கே போயிடறோம்னு எழுதிப் போட்டோம். நீங்க வரல. உங்களுக்குப் பள்ளிக்கூடத்துல மாஸ்டர் வேலை.

இங்க வந்த பொறகாவது விட்டுச்சா? பதுளைப் பக்கம் ஊவாவுல இருந்து நம்மளோட வந்தவங்களே பேரு வெச்சாங்க. தூங்குமூஞ்சி சவரிமுத்து. ரோட்டுல கல்லு ஒடைக்கிற எடத்துல, "என்ன சவரி, கொட்டாவி வருதா"ன்னு கேட்டுச் சிரிப்பாங்க. அதுக்குப் பொறகு அப்பா பகல்ல படுத்ததே இல்ல. காய்ச்சல் வந்தாலும் சுவத்துல சாயாம உக்காந்திருப்பாரு. எழுபத்தொம்பதுல உக்காந்துக்கிட்டேதான் செத்தாரு. பெட்டியில வெக்கிறதுக்கு முதுக நிமித்தக் கஷ்டப்பட்டோம். நீங்க பாக்கல.

இப்ப அதே படத்த வெச்சு மறுபடியும் அதே எடத்துல கட்டியிருக்கீங்க. சாயமும் அடிக்கிறீங்க. அதுல என் அப்பா பேர எழுதி வெச்சா நல்லா இருக்காது, சொல்லிட்டேன். வலது பக்கம் கட்டுனா பேர் எழுதுங்க. இல்லன்னா யாரோ ஒரு வாச்சர்னு எழுதிக்குங்க.

படத்தத் திருப்பி அனுப்பியிருக்கேன். என் வீட்டுல வேணாம்.

ஜெபமலர்

---

பதுளை,
30.04.2024

அன்புள்ள ஜெபமலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படமும் கிடைத்தது.

இங்கே பின்னேரங்களில் இடியோடு மழை. பிளாஸ்டர் காய மறுக்கிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஐப்பசியில் தேதி. பக்கச் சுவர்களில் பாசி வைப்பதற்கு, உலர்ந்த பாசியைப் பொடித்துப் பசையில் தூவினேன். சரியாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

உன் கடிதத்துக்கு இது பதில் அல்ல என்று எனக்குத் தெரியும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

இராயப்பன்

---

பதுளை,
08.06.2024

அன்புள்ள ஜெபமலருக்கு,

நீ பதில் எழுதவில்லை. சுகவீனமாக இருக்குமோ என்று ஒருவாரம் பயந்தேன். ஜெசீகாவுக்குத் தகவல் அனுப்பி, நீ சுகம்தான், எழுத விருப்பமில்லை என்று அறிந்துகொண்டேன். சுகம் என்பதே போதும்.

ஒரு விஷயத்தை உடனே உனக்குத் தெரிவிக்க வேண்டும்.

சென்ற வியாழன் முகப்பைக் கொண்டுபோய் ஹபீஸின் மேசையில் பொருத்தினோம். வலது பக்கம் மேடு, இடது பக்கம் ஓடை, எல்லாம் நில வரைபடத்தின்படி. முகப்பின் தலைக்கு மேலே ஓடும் கானையும், அதன் தண்ணீர் விழும் வாய்க்கல்லையும் புகைப்படத்தில் இருந்தபடி செதுக்கியிருந்தேன். ஹபீஸ், "மாஸ்டர், எல்லாம் செஞ்சீங்க, மழை மட்டும்தான் குறை" என்று கேலி செய்தார். நானும் விளையாட்டாக, காலியான கண் மருந்துக் குப்பியில் தண்ணீர் எடுத்து மேட்டில் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

தண்ணீர் கானில் இறங்கியது. ஓடைக்குப் போக வேண்டியது, படத்தில் உள்ள சாய்வின்படி திரும்பி மேட்டின் அடிக்கே வந்து விழுந்தது. அங்கே போக வழியில்லை. தேங்கியது. பிறகு தண்டவாளத்தைக் கடந்து காவல் அறைக்குள் புகுந்தது. மண் சுவர் ஊறிக் கரைந்தது. நாலு மாத வேலை.

"இப்படி எந்த மடையன் கான் வெட்டுவான்?" என்றார் ஹபீஸ்.

அந்தக் கேள்விதான் என்னை உட்காரவைத்தது. ஒருவனும் வெட்டமாட்டான். மேட்டுத் தண்ணீரை ஓடைக்குக் கடத்தத்தான் கான். படத்தில் கானின் வாய் வலது பக்கம் இருக்கிறது. உண்மையில் அது ஓடை இருந்த இடது பக்கம்தான் இருந்திருக்க வேண்டும். கான் இடமாற, காவல் அறையும் இடமாறும். படத்தைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன. எந்தக் கடையிலோ பிரதி போட்டவன் பிலிமைப் புரட்டி வைத்துப் போட்டிருக்கிறான்!

ஆகவே நீ சொன்னதே சரி. வலது பக்கம். அப்பா சொன்னதும் சரி. நானும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. துரையும் படத்தைத்தான் நம்பினார். எல்லாம் யாரோ ஒரு படக்காரன் கைத்தவறு. இதை அறிந்தபோது மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. உனக்கும் இறங்கும் என்று நம்புகிறேன்.

புதிய அறையை வலது பக்கத்தில் கட்டத் தொடங்கிவிட்டேன்.

அண்ணன்,
இராயப்பன்

---

கோத்தகிரி
3.7.2024

மாஸ்டருக்கு,

பாரம் எறங்கிடுச்சா. சந்தோசம். படக்காரன் தலையில எறக்கிட்டீங்க. அவனும் செத்திருப்பான், வந்து கேக்க மாட்டான்.

ஒரே ஒரு கேள்வி. உங்கள மாதிரி ஆறு கேள்வி கேக்க எனக்குத் தெரியாது.

பொறந்ததுல இருந்து அந்த லயத்துல இருந்தவரு நீங்க. அந்த டனல் வாசல்ல வெளையாண்டவரு. காம்பரா எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்க உங்களுக்குத் தண்ணி ஊத்திப் பாக்கணுமா?

இதுக்கு பதில் எழுதுங்க. பாசி, கரி, கண்ணு மருந்து எதுவும் வேணாம்.

ஜெபமலர்

---

பதுளை,
27.07.2024

ஜெபமலருக்கு,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் வாசித்துப் பார்த்தால் கிழித்துவிடுவேன், ஆகவே வாசிக்காமல் தபாலில் போடுகிறேன்.

எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும்.

பரீட்சைக்குப் படித்த இரண்டு மழைக்காலமும் அந்தக் காவல் அறையில், பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் படித்தேன். மேட்டுத் தண்ணீர் சுவரில் கசிந்து சட்டையின் முதுகு நனையும். அப்பா சாக்கை மடித்துப் பின்னால் செருகுவார். எந்தப் பக்கம் என்று என் முதுகுக்குத் தெரியும்.

துரை படத்தை என் பக்கம் திருப்பியபோது, இது தப்பு என்று பார்த்த உடனே கண்டேன். ஏன் தப்பாயிற்று என்றுதான் விளங்கவில்லை. சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அடுக்கினேன். அது மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று தொடக்கத்தை மாற்றினேன். மாற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் இரண்டாவது தடவை கேட்டுவிட்டார். அதற்குப் பதினொரு நாளுக்கு முன்னால்தான் எனக்கு ஆசிரியர் நியமனக் கடிதம் வந்திருந்தது. அது சட்டைப் பைக்குள் இருந்தது. ஏன் அன்று அதை எடுத்துக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை. "யெஸ் சேர்" தயாராக இருந்தது. சொன்னேன்.

திரும்பி நடந்து வரும்போது அப்பாவிடம், "படத்தில் அப்படித்தான் இருந்தது அப்பா" என்றேன். "துரை கேட்டா அப்படித்தான் சொல்லணும்" என்றார். அவர் என்னைக் குறைசொல்லியிருந்தால் நான் மறுபடியும் போய்ச் சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்லியிருக்கமாட்டேன். அப்படிச் சொல்வதும் ஒரு சாக்குத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஹபீஸ் படத்தைக் கொடுத்தது உன் பதில் வந்த பிறகு அல்ல, போன கார்த்திகையிலேயே. அதைப் பார்த்த பிறகுதான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன். ஆறாவது கேள்வி ஒன்றுக்காகத்தான் மற்ற ஐந்தும். நீ மறந்துபோய் "இடது பக்கம்" என்று எழுதிவிடமாட்டாயா என்று எதிர்பார்த்தேன். எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகச் செத்துப்போயிருப்பேன். நீ வலது என்றாய். அதற்கும் பிறகு, படம்தான் சரி என்று உனக்கே எழுதினேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உன்னிடம் கேட்கிறேன்.

கண்காட்சிக் குழுவினர் அந்தப் படத்தைப் பெரிதாக்கி என் முகப்புக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறார்கள். ஏற்கனவே சட்டம் போட்டாயிற்று. அது புரண்ட படம் என்று ஹபீஸிடம் மட்டும் சொன்னேன். குழுவில் சொல்ல எழுந்தேன். தலைவர் "என்ன மாஸ்டர்?" என்றார். "ஒன்றுமில்லை" என்று உட்கார்ந்துவிட்டேன்.

இராயப்பன்

---

கோத்தகிரி
20.8.2024

மாஸ்டருக்கு,

எழுதுனது வந்துச்சு. ரெண்டு நாள் சாப்பிடல. சர்க்கரை எறங்கி மகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. உங்களாலதான். அத முதல்ல எழுதிட்டேன்.

என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் ஏற்கனவே தெரியுமே. ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னவளுக்கு, கடல் தாண்டிக் கடிதாசி போட்டுச் சொல்றீங்க. யாரு முன்னால பொய் சொன்னீங்களோ அந்த மாதிரி ஆளுங்க முன்னால சொல்லுங்க. கோட்டுப் போட்டவங்க. இங்கிலீஸ் பேசுறவங்க. நாற்காலியில உக்காந்திருக்கறவங்க.

உங்களால முடியாது. எழுபத்திமூணு வயசுலயும் "ஒண்ணுமில்ல"ன்னு உக்காந்துட்டேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

மன்னிப்பு என்கிட்ட இல்ல. அத வெச்சிருந்தவரு எழுபத்தொம்பதுலயே போயிட்டாரு.

ஜெபமலர்

---

பதுளை,
12.09.2024

ஜெபமலருக்கு,

உன் சர்க்கரை இப்போது எப்படி? ஜெசீகா, நிலைமை சீராகிவிட்டதாகச் சொன்னாள். ஆண்டவருக்கு நன்றி. என்னால் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை கண்காட்சி நடந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

மண்டபம் நிறைய ஆட்கள். சின்ன ரயில் ஓடியது. சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற ஒரு பொறியியலாளர். கோட்டும் டையும். ஒவ்வொரு பகுதியாகப் பார்த்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகப்பை மிக நெருங்கிக் குனிந்து பார்த்தார். "அருமை, அருமை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு பக்கத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி முகப்பைப் பார்த்தார். சிரித்தார்.

"மாஸ்டர், இத்தனை கல்லையும் எண்ணிச் செய்துவிட்டு, காவல் அறையை மட்டும் பக்கம் மாற்றி வைத்துவிட்டீர்களே?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். குழுத் தலைவர், "வயதாகிவிட்டது சேர், மன்னியுங்கள்" என்றார். ஹபீஸ் என் முழங்கையைத் தொட்டு, "விடுங்க மாஸ்டர், சேர் சும்மா பகிடிக்குச் சொல்றார்" என்றார்.

வழக்கம்போல வாக்கியம் அடுக்கத் தொடங்கினேன். அடுக்கினால் போய்விடும் என்று தெரிந்தது.

"நோ சேர்" என்றேன்.

எனக்கே கேட்கவில்லை. அவர் "என்ன?" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். அது கொஞ்சம் அதிகச் சத்தமாகிவிட்டது. பின்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு பேச வரவில்லை. ஆகவே சட்டைப் பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து மேட்டில் தண்ணீர் விட்டேன். கானில் இறங்கி, முகப்பின் தலைக்கு மேலாகக் கடந்து, இடது பக்கம் ஓடையில் விழுந்தது. அவர் பொறியியலாளர் அல்லவா, குனிந்து பார்த்தார். படத்தில் கானின் வாய் எந்தப் பக்கம் என்று பார்த்தார். நிமிர்ந்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"படம்தான் புரண்டிருக்கிறது" என்றார்.

"யெஸ் சேர். எழுபத்துமூன்றிலும் புரண்டுதான் இருந்தது. இந்தப் படத்தை வைத்து, காவலர் தூங்கினார் என்று எழுதினார்கள். அவர் என் அப்பா. படம் தப்பு என்று எனக்குத் தெரியும். நான்தான் சரி என்று சொன்னேன்."

பொறியியலாளர் "ஹ்ம்" என்றார். தோளில் கை வைப்பார்போல வந்து, வைக்காமல் அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். தலைவர் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. தேநீர் நேரத்தில் இரண்டு பேர் என்னைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும்.

ஹபீஸ் படத்தைக் கழற்றிவிட்டார். நான் எழுதி வைத்திருந்த அட்டையை அந்த ஆணியிலேயே மாட்டினேன். அதில் உள்ளது இவ்வளவுதான்:

ஊற்றுமலைச் சுரங்கம், பழைய முகப்பு. காவலர் சவரிமுத்து. அவருடைய அறை மேட்டின் அடியில் இருந்தது. அங்கிருந்து மேடு தெரியாது. அவர் தூங்கவில்லை.

ஹபீஸின் மகள் றிஸ்னி எடுத்த படம் இத்துடன் இருக்கிறது. புரளவில்லை என்று மூன்று முறை சரிபார்த்தேன். அறை வலது பக்கம். கதவுக்குப் பின்னால் கொடிகள் இருக்கின்றன. வெளியே தெரியாது, ஆனால் வைத்திருக்கிறேன். தண்டவாளங்களுக்கு நடுவில், நீ எழுதியிருந்தாயே, நீ கால் வைக்கும் கற்கள், அவற்றையும் வைத்திருக்கிறேன். இரண்டு.

இதைக்கொண்டு எதுவும் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

இராயப்பன்

---

கோத்தகிரி
19.10.2024

மாஸ்டருக்கு,

கண்ணு மருந்துக் குப்பியில தண்ணிய விட்டீங்க சரி, கண்ணுக்கு என்னத்த விட்டீங்க? ஐப்பசியில ஆபரேஷன்னு எழுதியிருந்தீங்க. போனீங்களா, இல்ல டாக்டர் மொறச்சாருன்னு திரும்பி வந்துட்டீங்களா?

படம் வந்துச்சு. பேத்தி அத போன்ல எடுத்துப் பெருசாக்கிக் காட்டுனா. அட்டையில எழுதியிருக்கறத இங்க சர்ச்சுல நாலு பேருக்கு வாசிச்சுக் காட்டச் சொன்னேன். "தூங்குமூஞ்சி"ன்னு கூப்புட்டவங்கள்ல ஒருத்தர்தான் உசுரோட இருக்காரு. அவருக்குக் காது கேக்காது. அவரு காதுக்குப் பக்கத்துல போய் நானே கத்துனேன், தூங்கலைன்னு. அவரு "யாரு?"ன்னு கேட்டாரு. அம்புட்டு நாளாயிருச்சு.

அம்பத்தோரு வருசம் பிந்தி "நோ சேர்" சொல்லியிருக்கீங்க. இத எழுதும்போதும் எனக்குக் கோவம்தான் வருது. போகல. போகும்னும் தோணல.

பொம்மைக் காம்பரா சரியா இருக்கு. மேடு சரி. கான் சரி. தகரத்து ஓட்டை கூட சரி. ஒண்ணு தப்பு.

கல்லு ரெண்டு இல்ல, மூணு. தண்டவாளத்துக்கு நடுவுல ரெண்டு. மூணாவது அந்தப் பக்கம், காம்பரா வாசல்ல, சரளை சறுக்குற எடத்துல. எனக்குப் பன்னெண்டு வயசுல அங்க வழுக்கி விழுந்து தூக்குச்சட்டியக் கொட்டிட்டேன். அன்னைக்கு அப்பா பட்டினி. மறுநாள் போனா அங்க ஒரு தட்டக்கல்லு கெடந்துச்சு. "இங்க மிதி"ன்னாரு. நீங்க எப்பவும் ஒரே எட்டுல தாண்டிப் போவீங்க, அதான் உங்களுக்குத் தெரியாது.

அந்தக் கல்லையும் போடுங்க. அது இல்லாட்டி சாப்பாடு அந்தப் பக்கம் போய்ச் சேராது.

ஜெபமலர்